அக்கறை வைத்தால் பற்று வந்துவிடுகிறது, பற்றை விட்டால் வேலை கெடுகிறது. என்ன செய்வது?

நான்குமணிநேரம் | ஞாயிறு, இரவு 10:40

வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றுதான் எழுதுகிறேன்.

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். ஒன்பது வருடமாக இதே வேலை. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் எங்களிடம் வருவார்கள். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் அனுப்புவோம். மற்ற வார்டுகளில் நோயாளி குணமாகி வீட்டுக்குப் போவார். எங்களிடம் வருகிறவர் வருடக்கணக்கில் வந்துகொண்டே இருப்பார். மகளுக்கு எப்போது கல்யாணம், பேரன் எந்த வகுப்பு, எல்லாம் எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அப்படி ஒருவர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஆறு வருடம் 4-ஆம் நம்பர் கட்டில். செவ்வாய், வியாழன், சனி, காலை முதல் ஷிப்ட். எடை பார்க்கும் மெஷினில் ஏறும்போது கண்ணை மூடிக்கொள்வார். "எத்தனை கிலோ தண்ணி ஏறியிருக்குன்னு நீங்களே சொல்லுங்க தம்பி, எனக்குப் பயமா இருக்கு" என்பார். போன ஆடியில் ஒரு வியாழக்கிழமை அவர் வரவில்லை. போன் செய்தேன். மகன் எடுத்தார். சனிக்கிழமை அந்தக் கட்டிலில் வேறொருவரைப் படுக்க வைத்தோம். காத்திருக்கிறவர்கள் அத்தனை பேர்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாதான் சொன்னார்: "கடமையைச் செய், பலனை எதிர்பார்க்காதேன்னு கீதையில சொல்லியிருக்கு. நீ அவங்க மேல பற்று வைக்காத." அவர் சொன்னபடியே செய்தேன். பேச்சைக் குறைத்தேன். ஊசி போடுவது, மெஷினை ஓட விடுவது, முடிந்ததும் கழற்றிவிடுவது, அதோடு சரி. மனசு லேசானது உண்மை. ஆனால் என் வேலை முன்பு போல இல்லை. யாரும் குறை சொல்லவில்லை, எனக்கே தெரிகிறது.

கீதை சொல்வது இதைத்தானா? முழு ஈடுபாட்டோடும் வேலை செய்ய வேண்டும், பற்றும் இருக்கக் கூடாது என்றால், அது நடைமுறையில் எப்படி இருக்கும்? படித்தவர்கள் சொல்லுங்கள்.

அமைதிநதி | ஞாயிறு, இரவு 11:05

தம்பி, மனதைத் தளரவிடாதீர்கள். "எது நடந்ததோ அது நன்றாகவே நடந்தது" என்று பகவானே சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் மாட்டியிருக்கிறோம். தினமும் ஒருமுறை படியுங்கள், ஆறுதலாக இருக்கும்.

சுவடி_மாணவி | திங்கள், காலை 6:20

அம்மா, அந்த வரிகள் எத்தனையோ பேருக்கு ஆறுதல் தந்திருக்கின்றன. ஆனால் கீதையில் அவை எந்தச் சுலோகத்திலும் இல்லை. 'கீதாசாரம்' என்ற பெயரில் காலண்டரிலும் சுவர்ப்படத்திலும் பரவியவை அவை. இந்தத் தம்பிக்கு வந்திருக்கும் சிக்கலே வாசகம் தேய்ந்துபோனதால் வந்தது என்று நினைக்கிறேன். அதனால் மூலத்தைப் பார்த்துவிடலாம்.

இரண்டாம் அத்தியாயம், 47-ஆம் சுலோகம்:

கர்மண்யேவாதிகாரஸ்தே மா பலேஷு கதாசன
மா கர்மபலஹேதுர்பூ: மா தே ஸங்கோஸ்த்வகர்மணி

இதில் 'எதிர்பார்ப்பு' என்ற சொல்லே இல்லை. இருப்பது 'அதிகாரம்', அதாவது உரிமை. செயலில்தான் உனக்கு உரிமை, பலன்களில் ஒருபோதும் இல்லை. பலனுக்குக் காரணம் நான்தான் என்று நினைக்காதே. இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். நான்காவது பகுதியை ஏனோ யாரும் சொல்வதில்லை: 'அகர்மத்தில் உனக்குப் பற்று வேண்டாம்'. 'ஸங்கம்', அதாவது பற்று என்ற சொல் இந்தச் சுலோகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. அதுவும் பலனோடு சேர்ந்து வரவில்லை, செயலின்மையோடு சேர்ந்து வருகிறது. அர்ஜுனன் அப்போது வில்லைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவன் என்பதை நினைத்துப் பார்த்தால் ஏன் என்று புரியும். பலன் மீதான ஆசை அவனைப் படுத்தவில்லை. செய்யாமல் இருந்துவிடலாமே என்ற ஆசைதான் பிடித்திருந்தது.

இன்னொரு இடமும் உண்டு. 18-ஆம் அத்தியாயம், 26-ஆம் சுலோகம், சாத்விகமான செயலாளி எப்படி இருப்பான் என்று சொல்கிறது. பற்று நீங்கியவன், 'நான் நான்' என்று பேசாதவன், வெற்றி தோல்வியில் மாறாதவன். கூடவே 'த்ருதி உத்ஸாஹ ஸமன்வித:', உறுதியும் உற்சாகமும் நிறைந்தவன். பற்றின்மையும் உற்சாகமும் ஒரே ஆளிடம், ஒரே வரியில். இரண்டு சுலோகம் தள்ளி 28-இல் தாமசமான செயலாளி வருகிறான். மனம் ஒன்றாதவன், சோம்பல் உள்ளவன், எப்போதும் சோர்ந்திருப்பவன், இன்று முடிக்க வேண்டியதை இழுத்தடிப்பவன்.

தம்பி, கேட்பதற்குக் கஷ்டமாக இருக்கலாம். ஆடிக்குப் பிறகு நீங்கள் எந்தப் பக்கம் நகர்ந்தீர்கள் என்று இந்த இரண்டு சுலோகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மல்லிகைப்பந்தல் | திங்கள், காலை 9:15

நான் இதை வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறவள். தனியார் பள்ளி ஒன்றில் பதினோரு வருடம் பாடம் நடத்தினேன். மே மாதம் சம்பளம் கிடையாது. கேட்டால், "ஆசிரியர் பணி சேவை டீச்சர், பலனை எதிர்பார்க்கக் கூடாது" என்பார்கள். வீட்டிலும் அதேதான். காலை ஐந்து மணிக்கு எழுந்து மூன்று அடுப்பில் நிற்கிறவளிடம், "கடமைதானே, அதுக்கு என்ன பாராட்டு?" என்பார்கள்.

பலனை எதிர்பார்க்காதே என்பதை எப்போதும் பலனை வாங்கிக்கொள்கிறவர்தான், வேலை செய்கிறவரிடம் சொல்கிறார். எதிர்ப்பக்கமிருந்து யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் இந்த உபதேசத்தைக் கேட்டாலே எனக்கு முதலில் சந்தேகம்தான் வருகிறது. இந்தத் தம்பிக்கும் சொல்கிறேன். ஒரு கட்டிலுக்கும் இன்னொரு கட்டிலுக்கும் ஓடுகிற அளவுக்கு வேலை இருந்தால், மரத்துப்போவதற்கு அதுவே காரணமாக இருக்கும். எல்லாவற்றையும் மனசின் கோளாறாக்கிவிடாதீர்கள்.

வரப்பும்வாய்க்காலும் | திங்கள், மதியம் 1:50

டீச்சர் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு. நான் பண்ருட்டிப் பக்கம். பலா, முந்திரி. எனக்குச் சுலோகம் தெரியாது, அப்பாவைத் தெரியும். அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

பலாப்பழம் மண்டிக்குப் போகும்போது அப்பா பேரம் பேசுவதைப் பார்த்தால் பற்றில்லாத மனுஷன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு பழத்துக்கு ஐந்து ரூபாய் குறைத்தாலும் விடமாட்டார். "உழைப்பைக் குறைச்சுக் குடுத்தேனா, விலையைக் குறைக்கிறதுக்கு?" என்று கேட்பார். வியாபாரி மூட்டையைத் தூக்கின பிறகு, அந்தப் பேச்சை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார். நல்ல விலையானாலும் சரி, அடிமாட்டு விலையானாலும் சரி, ராத்திரி ஒன்பது மணிக்குத் திண்ணையில் துண்டை விரித்தால் தூங்கிவிடுவார். எனக்குத்தான் தூக்கம் வராது.

2011 டிசம்பர் 30, தானே புயல். விடிந்து பார்த்தால் தோப்பே படுத்துக் கிடக்கிறது. தாத்தா வைத்த மரங்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா பேசவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மரமாகப் போய்க் குறி போட்டார். இது விறகுக்கு, இது ஜன்னல் நிலைக்கு, இது வைரம் பாய்ந்தது, வீணை செய்கிறவர்கள் கேட்பார்கள், தனியாக எடுத்து வை. அன்றைக்கும் ஒரு மரத்தைக்கூட அலட்சியமாகப் பார்க்கவில்லை. கிளையைப் புரட்டி, அடியைத் தட்டி, சத்தம் கேட்டு, குறி போட்டார். அவர் அழவில்லை என்று சொல்லமாட்டேன். சாயங்காலம் கிணற்றடியில் முகம் கழுவ ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

பலா உரிக்கிறவர்களுக்குத் தெரியும், கையில் எண்ணெய் தடவிக்கொண்டுதான் பழத்தில் கை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பால் ஒட்டிக்கொண்டு, கத்தியும் ஓடாது, சுளையும் நசுங்கும். எண்ணெய் தடவுவது பழத்தைத் தொடாமல் இருக்க அல்ல. நன்றாகக் கை விட்டு எடுப்பதற்குத்தான்.

சுவடி_மாணவி | திங்கள், மாலை 5:30

ஐயா, ராமகிருஷ்ண பரமஹம்சர் இதே பலாப்பழத்தையும் எண்ணெயையும்தான் உவமையாகச் சொன்னார். சம்சாரத்தில் கை வைப்பதற்கு முன்னால் பக்தி என்னும் எண்ணெயைத் தடவிக்கொள் என்றார். உங்கள் தோப்பில் அது உவமை இல்லை, தினப்படி வேலை. 'நன்றாகக் கை விட்டு எடுப்பதற்குத்தான்' என்ற உங்கள் வரியை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

மல்லிகைப்பந்தல் அக்கா, உங்கள் கோபம் நியாயமானது. கீதையே உங்கள் பக்கம் நிற்கிறது. மூன்றாம் அத்தியாயம் 12-ஆம் சுலோகம், தனக்குக் கொடுக்கப்பட்டதைத் திருப்பித் தராமல் தானே அனுபவிப்பவனைத் 'திருடன்' என்கிறது. 'ஸ்தேன ஏவ ஸ:', அவன் திருடனேதான். அங்கே பேச்சு தேவர்களுக்குச் செலுத்தும் வேள்வியைப் பற்றியது, உண்மை. ஆனாலும் அந்தப் பகுதி முழுக்கச் சொல்வது கொடுத்து வாங்கும் சக்கரத்தைத்தான். அந்தச் சக்கரத்தைச் சுழலவிடாமல் தன் புலன்களுக்காகவே வாழ்கிறவன் வாழ்வது வீண் என்று நான்கு சுலோகம் தள்ளி வருகிறது. உழைப்பை வாங்கிக்கொண்டு கூலியை மறுக்கிறவர் 2.47-ஐச் சொல்லத் துணிந்தால், 3.12-ஐயும் அவர் முன்னால் வைக்கலாம்.

காந்தி கீதையைக் குஜராத்தியில் மொழிபெயர்த்து 'அநாசக்தி யோகம்' என்று பெயர் வைத்தார். தண்டி யாத்திரை புறப்பட்ட 1930 மார்ச் 12 அன்றுதான் அது வெளிவந்தது. பலனைத் துறப்பது என்றால் பலனைப் பற்றிக் கவலையற்று இருப்பதல்ல என்று அதன் முன்னுரையில் தெளிவாகச் சொல்கிறார். செய்யும் காரியத்தால் என்ன விளையும், அதற்கு வழி என்ன, நமக்குத் திறன் உண்டா என்று மூன்றும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார். உப்பு வரியை நீக்க வேண்டும் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை என்று யார் சொல்ல முடியும்?

நான்குமணிநேரம் | திங்கள், இரவு 11:30

எல்லோருக்கும் நன்றி. தாமச கர்த்தா பற்றிய அந்தச் சுலோகத்தை மதியத்திலிருந்து திரும்பத் திரும்பப் படித்தேன். முதல் பதிவில் ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குக் கையில் ஃபிஸ்டுலா என்று ஒன்று போட்டிருப்பார்கள். ரத்தக்குழாய்கள் இரண்டை இணைத்திருப்பார்கள். அதன் மேல் விரலை வைத்தால் பூனை உறுமுகிற மாதிரி ஒரு அதிர்வு தெரியும். 'திரில்' என்போம். அது ஓடுகிறது என்றால் குழாய் திறந்திருக்கிறது. ஊசி குத்துவதற்கு முன்னால் விரலை வைத்துப் பார்க்க வேண்டும், காது வைத்தும் கேட்க வேண்டும். முன்பெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன். அரை நிமிடம் ஆகும். பேசிக்கொண்டே பார்ப்பேன், கையைப் பிடித்திருப்பதால் அவர்களும் தைரியமாக இருப்பார்கள்.

பற்றை விடுகிறேன் என்று தொடங்கிய பிறகு இது பேருக்கு ஆகிவிட்டது. தொட்ட மாதிரி தொட்டு, குத்திவிடுவேன். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு அம்மா, நான் ஊசியைக் கையில் எடுத்த பிறகு, "தம்பி, முந்தாநேத்துலேருந்து கை ஓடுற சத்தமே கம்மியா இருக்கு, நீங்க போன தடவை ஒண்ணும் சொல்லலையே" என்றார். விரலை வைத்தேன். ஏதோ தூரத்தில் கேட்கிற மாதிரி இருந்தது. உடனே டாக்டரைக் கூப்பிட்டோம், அன்றைக்கே அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினார்கள், அடைப்பை எடுத்துவிட்டார்கள். கை பிழைத்தது. அந்த அம்மாதான் காப்பாற்றிக்கொண்டார். நான் இல்லை.

டீச்சர் அக்கா சொன்ன மாதிரி வேலைப் பளு உண்டு. ஆனால் ஆடிக்கு முன்னாலும் அதே பளுதான் இருந்தது. நான் விட்டது பற்றை இல்லை, அந்த அரை நிமிடத்தை. அதற்குக் கீதையின் பெயரை வைத்துக்கொண்டேன்.

இப்போது என் பயம் வேறு. அந்த அரை நிமிடத்தைத் திரும்பக் கொடுத்தால், அந்த அழுகையும் திரும்ப வரும். கண்டக்டர் ஐயா மாதிரி இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

கிரிவலப்பாதை | செவ்வாய், காலை 5:10

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒளிக்காமல் எழுதினீர்களே, அதுவே பாதி வழி.

பகவான் ரமணர் மலை மேல் இருந்த காலத்தில் ஒரு அன்பர் அவரிடம், நிஷ்காமிய கர்மம், அதாவது பலன் கருதாத செயல் என்றால் என்ன, அதை எப்படிச் செய்வது என்று கேட்டார். பகவான் பதில் சொல்லவில்லை. மலையில் நடக்கப் புறப்பட்டார், சிலர் கூடப் போனார்கள். வழியில் முள் நிறைந்த ஒரு கிளை கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து முட்களைச் சீவத் தொடங்கினார். அப்புறம் கணுக்களைச் செதுக்கினார். சொரசொரப்பான ஒரு இலையை வைத்துத் தடி முழுக்கத் தேய்த்து மெருகேற்றினார். ஏறக்குறைய ஆறு மணி நேரம். முள்ளுக் கிளை இப்படி ஆகுமா என்று பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். கிளம்பும்போது ஒரு ஆடு மேய்க்கும் பையன் வந்தான். கோலைத் தொலைத்துவிட்டுத் திகைத்து நின்றான். பகவான் அந்தத் தடியை அவனிடம் கொடுத்துவிட்டு நடந்தார்.

பலர் இந்தக் கதையில் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள், கொடுத்துவிட்டார் என்று. எனக்கு நடுவில் இருக்கிற ஆறு மணி நேரம்தான் பெரிதாகத் தெரிகிறது. யாருக்குப் போகப் போகிறது என்றே தெரியாத தடி. கணு ஒன்று அப்படியே இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனாலும் தேய்த்தார்.

ஆசிரமச் சமையலறையிலும் அப்படித்தான். விடிவதற்கு முன்னால் எழுந்து வந்து காய் நறுக்குவார். எதையும் வீணாக்க விடமாட்டார். உலகப் பற்று என்று ஒன்றும் இல்லாதவர், சட்னியில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். 1922 மே 19, அவருடைய தாயார் அழகம்மாள் ஸ்கந்தாசிரமத்தில் உடலை விட்ட நாள். காலையிலிருந்து இரவு வரை பகவான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வலது கை தாயின் நெஞ்சின் மேல், இடது கை தலை மேல். கையை எடுக்கவில்லை. உயிர் அடங்கிய பிறகு எழுந்தார், தீட்டு ஒன்றும் இல்லை, சாப்பிடலாம் என்றார். எழுந்து வந்ததை மட்டும் பார்த்தால் கல் நெஞ்சு என்று தோன்றும். பகல் முழுக்க இருந்த அந்தக் கைகளைப் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று. பெரியபுராணம் படிக்கும்போது பகவானுக்குக் கண்ணீர் பெருகிப் படிப்பே நின்றுவிடும் என்று உடன் இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே அழுகை வந்தால் பற்று வந்துவிட்டது என்று கணக்குப் போடாதீர்கள்.

மல்லிகைப்பந்தல் | செவ்வாய், காலை 8:40

தம்பி, மூன்று வாரமாக இதை யாரிடமும் சொல்லாமல் சுமந்திருக்கிறீர்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. நல்லவேளை அந்த அம்மா வாயைத் திறந்தார்.

கிரிவலப்பாதை ஐயா சொன்ன நிகழ்ச்சி என்னையும் உலுக்கியது. ஆனால் அவர் ஞானி. கோவணத்தைத் தவிர ஒன்றும் இல்லாதவர். வாடகையும் ஸ்கூல் பீஸும் கட்டுகிற ஆட்களுக்கு யாராவது வழி சொல்லியிருக்கிறார்களா?

அல்லிக்கேணி | செவ்வாய், காலை 11:00

மகளே, மகாபாரதம் வனபர்வத்தில் நீ கேட்ட ஆட்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். கௌசிகன் என்ற தபஸ்வி, தன் மேல் எச்சமிட்ட பறவையைக் கோபத்தோடு பார்க்கிறான். அது செத்து விழுகிறது. அந்தப் பெருமையோடு ஒரு வீட்டுக்குப் பிச்சைக்குப் போனால், அந்த அம்மாள் தன் வேலையை முடித்துவிட்டுத்தான் வருகிறாள். இவன் முறைக்கிறான். "நான் அந்தப் பறவை இல்லை" என்கிறாள். நம் ஊரில் "கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா" என்று வாசுகி மேல் ஏற்றிச் சொல்வோமே, அதே கதைதான். தர்மம் தெரிய வேண்டுமானால் மிதிலைக்குப் போய் ஒரு வேடனைப் பார் என்று அனுப்புகிறாள். போனால் அவர் கடையில் இறைச்சி விற்றுக்கொண்டிருக்கிறார். காட்டுக்குப் போனவன், வீட்டையும் கடையையும் விடாதவர்களிடம் பாடம் கேட்கிறான்.

எனக்கு வயது எழுபத்தாறு. வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். எங்கள் சம்பிரதாயத்தில் எந்தக் கர்மாவையும் தொடங்கும்போது சாத்விக த்யாகம் என்று ஒன்று சொல்வோம். பகவானே, தனக்காக, தன் உகப்புக்காக, 'ஸ்வயமேவ காரயதி', தானே செய்விக்கிறான் என்று சொல்லித் தொடங்க வேண்டும். முடிந்ததும் 'காரிதவான்', செய்வித்தான் என்று முடிக்க வேண்டும். இதற்குப் பின்னால் இருப்பது ராமாநுஜர் கீதா பாஷ்யத்தில் சொன்ன மூன்று விடுதல்கள். பலன் என்னுடையது என்பதை விடு. இந்தக் கர்மா என்னுடையது என்பதை விடு. செய்பவன் நான் என்பதையும் விடு. வேலையை விடு என்று எங்குமே இல்லை. எஜமானுக்கு உகப்பாக இருக்க வேண்டிய வேலையில் குறை வைக்க முடியுமா? என் வேலையென்றால் அரைகுறையாக விடலாம். அவன் வேலையில் அது முடியாது.

சின்ன வயதில் வாய் மட்டும்தான் சொல்லும். வங்கியில் சேர்ந்து இருபது வருடம் கழித்து ஒருநாள், வரிசையில் நின்ற ஒரு கிழவியின் பென்ஷன் படிவத்தை நிரப்பும்போது, சலிப்பாக இருந்த நேரத்தில், மனசுக்குள் 'காரயதி' என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஓய்வுபெறும் வரை டோக்கன் ஒவ்வொன்றுக்கும் சொன்னேன்.

அப்புறம், தம்பிக்கு ஒன்று. துரோண பர்வம், பதினான்காம் நாள். சூரியன் விழுவதற்குள் ஜயத்ரதனைக் கொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தீப்புகுவேன் என்று அர்ஜுனன் சபதம் செய்திருக்கிறான். சுற்றிலும் எதிரிகள். குதிரைகள் அம்பு தைத்துத் தளர்ந்துவிட்டன. அந்த நெருக்கடியிலும் தேரை நிறுத்துகிறார்கள். அர்ஜுனன் அம்பால் பூமியைப் பிளந்து தண்ணீர் வரவழைக்கிறான். கிருஷ்ணன் குதிரைகளை அவிழ்த்து, தைத்திருந்த அம்புகளைத் தன் கையாலேயே பிடுங்கி, உடம்பைத் தேய்த்துவிட்டு, தண்ணீர் காட்டி, குளிப்பாட்டி, தீனி வைத்து, இளைப்பு ஆறிய பிறகு பூட்டுகிறான். மூன்று உலகத்திலும் எனக்குச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, ஆனாலும் செய்துகொண்டே இருக்கிறேன் என்று மூன்றாம் அத்தியாயத்தில் சொன்னவன் அவன்தான். திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி உற்சவர் திருமுகத்தைத் திருமஞ்சனத்தின்போது கிட்டத்தில் சேவித்தால் வடுக்கள் தெரியும். பீஷ்மரின் அம்பு பட்ட தழும்பு என்பார்கள். பலனில் ஒட்டாதே என்று சொன்னவன் முகத்தில் தழும்பு இருக்கிறது. அழுகை வருமே என்ற பயம் எனக்கு வந்த நாட்களில் நான் போய் நின்ற இடம் அது.

கரக்கோயில் | செவ்வாய், மாலை 6:45

மேலக்கடம்பூர்க்காரனாக இருந்துகொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை. "தன் கடன் அடியேனையும் தாங்குதல், என் கடன் பணி செய்து கிடப்பதே" என்று அப்பர் பாடியது எங்கள் ஊர்க் கோயிலில்தான். இரண்டு கடன்களையும் பிரித்துவிட்டார், கவனியுங்கள். தாங்குவது அவன் பாடு, செய்வது என் பாடு. அவன் பாட்டை நான் சுமக்கத் தொடங்கும்போதுதான் முதுகு ஒடிகிறது. கண்டக்டர் ஐயாவின் ஆயுளைத் தாங்குவது தம்பியின் கடன் அல்ல. அவர் கையில் விரல் வைத்துப் பார்ப்பது தம்பியின் கடன்.

அப்பர் கையில் எப்போதும் உழவாரம் இருந்தது. திருப்புகலூரில் அவர் புல் செதுக்கும் இடத்தில் பொன்னும் மணியும் கிடந்தன. கல்லோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தார். அப்புறமும் செதுக்கிக்கொண்டுதான் இருந்தார்.

டீச்சருக்கும் ஒரு செய்தி. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது இறைவன் அப்பருக்கும் சம்பந்தருக்கும் தினம் ஒரு காசு படியாக வைத்தான். சம்பந்தர் காசுக்கு வாசி இருந்தது, மாற்றும்போது குறைத்துத்தான் கிடைக்கும். அப்பர் கையால் தொண்டு செய்தவர், அவர் காசு முழுசாகப் போயிற்று. சம்பந்தர் சும்மா இருக்கவில்லை. "வாசி தீரவே காசு நல்குவீர்" என்று சுவாமியிடமே பாடிக் கேட்டு வாங்கினார். அடியார்கள் பசியாற வேண்டிய காசு அது. முழுக் கூலி கேட்பது பற்று என்றால் அது தேவாரத்தில் இருக்காது.

மல்லிகைப்பந்தல் | செவ்வாய், இரவு 9:20

இந்தப் பதிகத்தைச் சின்ன வயதில் ஒப்பித்திருக்கிறேன். என்ன கேட்கிறார் என்று இன்றுதான் புரிந்தது.

நான்குமணிநேரம் | வியாழன், மதியம் 3:15

முதல் ஷிப்ட் முடிந்து எழுதுகிறேன்.

இன்று காலை 4-ஆம் நம்பர் கட்டிலுக்குப் போனேன். கண்டக்டர் ஐயாவுக்குப் பிறகு வந்தவர். நான்கு மாதமாக வருகிறார். ஃபைலில் இருக்கும் பெயர், எடை, ரத்த அழுத்தம் எல்லாம் எனக்கு மனப்பாடம். அவர் என்ன வேலை செய்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை.

விரலை வைத்தேன். கண்ணை மூடினேன். அல்லிக்கேணி ஐயா சொன்ன 'காரயதி' எனக்கு வாயில் வரவில்லை, பழக்கமில்லை. 'தாங்குதல் தன் கடன்' என்று மனசுக்குள் சொன்னேன். அதிர்வு நன்றாக ஓடியது, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. இத்தனை நாளும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"என்ன தம்பி, எதாவது பிரச்சினையா?" என்று பயந்துபோய்க் கேட்டார். இல்லை ஐயா, நன்றாக ஓடுகிறது என்றேன். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். தச்சு வேலை என்றார். கதவுக்கு இழைப்புளி பிடித்த கை, இப்போது ஒரு குடம் தூக்க முடியவில்லை என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது. ஊசி போடும்போது கை நடுங்கவில்லை.

போகப் போக எப்படி இருக்கும் என்று தெரியாது. அப்பாவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். கீதைச் சுலோகத்தின் அந்த நான்காவது பகுதியை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

வரப்பும்வாய்க்காலும் | வியாழன், இரவு 8:00

தம்பி, சந்தோஷம். ஒரு உதவி வேண்டும். என் பெரியப்பாவுக்குப் போன மாதம்தான் இடது கையில் அந்த ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள். வீட்டில் நாங்கள் என்ன பார்க்க வேண்டும்? அங்கே வேகமாகச் சொன்னார்கள், எங்களுக்குச் சரியாகப் புரியவில்லை.

நான்குமணிநேரம் | வியாழன், இரவு 8:25

கண்டிப்பாகச் சொல்கிறேன் அண்ணா. தினமும் காலையிலும் ராத்திரி படுப்பதற்கு முன்னாலும் அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியப்பா மட்டும் பார்த்தால் போதாது, பெரியம்மாவுக்கும் பழக்கிவிடுங்கள். அதிர்வு தெரிய வேண்டும். காதை வைத்தால் 'உஸ், உஸ்' என்று கேட்க வேண்டும். அந்தக் கையில் பிபி பார்க்கவும் ரத்தம் எடுக்கவும் யாரையும் விடாதீர்கள், எந்த லேபாக இருந்தாலும் மறு கையைக் காட்டுங்கள். வாட்ச், இறுக்கமான சட்டைக் கை, கயிறு வேண்டாம். அந்தக் கையைத் தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது, கனமான பை தூக்கக் கூடாது. சிவந்தாலோ, வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, உடனே காட்டுங்கள். ரத்தம் கசிந்தால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

அதிர்வு குறைந்த மாதிரி இருந்தால் அடுத்த டயாலிசிஸ் நாள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் உடனே அவர் டயாலிசிஸ் செய்யும் இடத்துக்குப் போன் செய்யுங்கள்.